பெயரும் ஆளும்: சம்பளக் கணக்காய்வின் அறநிலை பற்றிய ஒரு நோக்கு

கடனும் பதிவும்

கூலி கடன்களுள் தனித்தன்மை வாய்ந்ததொரு கடன். சரக்கைக் கடனாகக் கொடுத்த வணிகன், கடன் தீராவிடத்துச் சரக்கையேனும் மீட்டுத் தருமாறு வழக்காடலாம். நிலத்தைக் குத்தகைக்கு விட்டவன் நிலத்தைத் திரும்பப் பெறலாம். உழைப்பைக் கொடுத்தவனோ கொடுத்ததை மீட்கும் வழியற்றவன். சென்ற நாளின் உழைப்பு சென்ற நாளோடு கழிந்துவிடுகிறது. அவனிடம் எஞ்சுவது ஒரு கோரிக்கை மாத்திரமே. அக்கோரிக்கைக்கு ஆதாரமான பதிவுகூட அவன் வசம் இருப்பதில்லை; கூலி கொடுக்கவேண்டியவர் தமது ஏட்டில் எழுதிவைத்திருப்பதே அதற்கு ஆதாரம். கடன்பட்டவரே கடன்பத்திரத்தை எழுதி, அவரே அதனைப் பாதுகாத்து, அவரே கூட்டிக் கழித்து இவ்வளவுதான் கடன் என்று முடிவுகூறும் விந்தையான ஏற்பாடே சம்பளப் பட்டியலாகும்.

இப்பட்டியலைப் பிறிதொருவர் இருந்து சரிபார்ப்பது சம்பளக் கணக்காய்வு. வணிகவியல் பயில்வோர் இதனை ஒரு தொழில்நுட்பமாகவே கற்கின்றனர். பதிவுகளை ஒப்பிடல், விகிதங்களைச் சரிபார்த்தல், மோசடியைக் கண்டறிதல் என்ற அளவில் அக்கல்வி நின்றுவிடுகிறது. ஆயின் இத்தொழில்நுட்பத்தின் அடியில் ஓர் அறவினா உறைகின்றது. கணக்காய்வாளர் எதற்குச் சாட்சியாக நிற்கிறார்? நிறுவனத்தின் பணம் வீணே போகவில்லை என்பதற்கா? உழைத்தவர் எவரும் தமக்குரியதை இழக்கவில்லை என்பதற்கா? இவ்விரண்டும் ஒன்றே எனக் கருதுவது இயல்பு. உற்று நோக்குமிடத்து அவை ஒன்றல்ல என்பதும், ஒன்றை முற்றாக நிறைவேற்றிய ஆய்வு மற்றதை முற்றாகக் கைவிட்டிருத்தல் கூடும் என்பதும் புலனாகும்.

உழைத்தவரின் பெயரை எழுதிவைக்கும் வழக்கம் மிகத் தொன்மையானது. பண்டை எகிப்திலே அரசர்களின் கல்லறைகளைக் குடைந்த தொழிலாளர் வாழ்ந்த டெயிர் எல் மெதினா என்னும் சிற்றூரின் வரவுப்பதிவு ஒன்று இன்று பிரித்தானிய அரும்பொருளகத்தில் உள்ளது. இரண்டாம் இராம்சேயின் 40ஆம் ஆட்சியாண்டுக்குரிய அச்சுண்ணக்கற் பலகையிலே தொழிலாளரின் பெயர்களும், அவர்கள் வேலைக்கு வராத நாட்களும், வராமைக்கான காரணங்களும் குறிக்கப்பட்டுள்ளன. நோய் ஒரு காரணம். தேள் கடித்தமை ஒரு காரணம். மூவாயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட அப்பதிவிலே தொழிலாளி ஒரு பெயராக மாத்திரமன்றி, நோயும் வீடும் உறவும் உடைய ஆளாகவும் காட்சி தருகிறான். அதே ஊரின் தொழிலாளர் மூன்றாம் இராம்சேயின் 29ஆம் ஆட்சியாண்டிலே, கூலியாகிய தானியம் உரிய நாளில் வந்துசேரவில்லையென வேலையை நிறுத்தினர் என்பதும் வரலாறு. பதிவு இருந்தும் கூலி வராதிருக்கலாம் என்ற உண்மையும் பதிவைப்போலவே தொன்மையானது போலும்.

தமிழர் வரலாற்றிலும் கணக்குக் காட்டுதல் அறத்தோடு பிணைக்கப்பட்டே வந்துள்ளது. 10ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், முதலாம் பராந்தக சோழன் காலத்தில் பொறிக்கப்பட்ட உத்தரமேரூர்க் கல்வெட்டு, வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரையும் அவருக்கு நெருங்கிய உறவினரையும் மீண்டும் வாரியத்துக்குத் தெரிவாகும் தகுதியினின்றும் விலக்குகின்றது. இங்கே கணக்குக் கேட்பது ஒருவரை அவமதிக்கும் செயலாகக் கொள்ளப்படவில்லை. கணக்கு நம்பிக்கைக்கு நிபந்தனையாகவே வைக்கப்பட்டது. உறவினரையும் விலக்கியமை, சோதிப்பவரும் சோதிக்கப்படுபவரும் ஒரே நலனால் கட்டுண்டிருத்தலாகாது என்ற இன்றைய கணக்காய்வுக் கோட்பாட்டை நினைவூட்டுகின்றது.

ஆய்வின் இரு திசைகள்

சம்பளக் கணக்காய்வு நடைபெறும் முறையைச் சிறிது விரிவாக நோக்குதல் வேண்டும். அறவினா அம்முறையின் உள்ளேயே கிடக்கின்றது.

நன்கு அமைந்த நிறுவனமொன்றிலே பெயரைப் பட்டியலிற் சேர்ப்பவரும், வரவைக் குறிப்பவரும், சம்பளத்தைக் கணிப்பவரும், பணத்தைக் கொடுப்பவரும் வெவ்வேறு ஆட்களாக இருத்தல் வேண்டும். நான்கும் ஒருவர் கையில் இருக்குமாயின், அவர் இல்லாத ஒருவரைப் படைத்து, அவரை வேலைக்கு வரச்செய்து, அவருக்குச் சம்பளம் கணித்து, அவருக்காகத் தாமே கையொப்பமிட்டுப் பெற்றுக்கொள்ளலாம். கணக்காய்வாளர் முதலில் இப்பிரிவினை உண்மையில் இயங்குகின்றதா எனப் பார்க்கிறார். பின்னர் பட்டியலிலிருந்து சில பெயர்களைத் தெரிந்தெடுக்கிறார். ஒவ்வொரு பெயருக்கும் நியமனக் கடிதம் உண்டா, அடையாள அட்டை இலக்கம் பொருந்துகிறதா, வரவு ஏட்டிலே அந்நாட்களில் அவர் வந்ததாகக் குறிப்புண்டா, மேலதிக நேரத்துக்கு எவரேனும் அனுமதி வழங்கினரா, இருவர் சம்பளம் ஒரே வங்கிக் கணக்கிற் போய்ச் சேர்கிறதா என்பனவற்றை ஒன்றன்பின் ஒன்றாகச் சோதிக்கிறார். பணம் கையிலே கொடுக்கப்படும் இடமாயின், முன்னறிவித்தலின்றிச் சம்பள நாளன்று போய் நின்று, அழைக்கப்படும் பெயருக்கு ஓர் ஆள் முன்வருகிறதா எனக் காண்கிறார். எவரும் வந்து பெறாத சம்பளம் என்னாயிற்று என்று கேட்கிறார்.

இச்சோதனைகள் அனைத்திலும் பொதுவாயமைந்த ஓர் இயல்பு கவனிக்கத்தக்கது. அவை யாவும் பட்டியலிலே தொடங்கி ஆளிலே முடிகின்றன. ‘இப்பெயருக்கு ஓர் ஆள் உண்டா?’ என்பதே அவை கேட்கும் கேள்வி. இக்கேள்வி கூர்மையானது. இல்லாத ஊழியரின் பெயரால் நிகழும் களவை அது வெளிக்கொணரும். செய்யாத வேலைக்குப் பெற்ற கூலியையும் அது கண்டுபிடிக்கும். ஆயினும் அக்கேள்வியால் ஒருபோதும் காணமுடியாத தவறொன்று உண்டு. வேலை செய்த ஒருவரின் பெயர் எழுதப்படாமலே விடுபட்டிருப்பின், அப்பெயர் பட்டியலில் இல்லை. பட்டியலிலிருந்து புறப்படுபவர் எத்துணை நேர்மையாளராயினும், எத்துணை விழிப்புடையவராயினும், பட்டியலில் இல்லாததைச் சந்திக்கமாட்டார். ஆயிரம் பெயர்களையும் ஒன்றுவிடாமற் சோதித்தாலும் ஆயிரத்தோராவது ஆள் வெளியிலேயே நிற்பார்.

அவரைக் காணவேண்டுமாயின் ஆய்வு திசைமாற வேண்டும். வேலைத்தலத்துக்குச் சென்று, அங்கே நிற்கும் ஆளைக் கண்டு, அவர் செய்த வேலையைக் கேட்டறிந்து, அதன் பின்னர் பட்டியலுக்குத் திரும்பவேண்டும். அப்போது எழும் கேள்வி, ‘இந்த ஆளுக்கு ஒரு பெயர் உண்டா?’ என்பதாகும். கணக்காய்வியல் இவ்விரு திசைகளையும் அறியாததன்று. எழுதப்பட்டவை மெய்யாக நிகழ்ந்தனவா என்பதும், நிகழ்ந்தவை முழுமையாக எழுதப்பட்டனவா என்பதும் வேறுவேறு சோதனைகள் என்று அதன் பாடநூல்கள் கூறுகின்றன. ஆயின் சம்பளத்தைப் பொறுத்தமட்டில் முதலாவது சோதனையே இயல்பாக முன்னிற்கின்றது. காரணம் மறைபொருளன்று. இல்லாத பெயரால் இழப்பவர் கணக்காய்வாளருக்கு ஊதியம் வழங்குபவர். விடுபட்ட பெயரால் இழப்பவர் கணக்காய்வாளரைக் கண்டறியாதவர்.

ஆதலின் ஆய்வின் திசை வெறும் நுட்பம் பற்றிய தெரிவு அன்று. எவருடைய இழப்பைத் தேடிப் புறப்படுவது என்ற தெரிவு அதனுள் அடங்கியிருக்கின்றது.

பேரும் அரைப்பேரும்

இவ்வுண்மையை இலங்கையின் மலையகத் தோட்டங்களைப்போலத் தெளிவாக உணர்த்தும் களம் பிறிதொன்று இல்லை. அங்கே ‘பேர்’ என்ற சொல்லே ஒரு நாட்சம்பளத்தைக் குறிக்கின்றது. காலையிலே பெரட்டுக்களத்தில் ஆட்கள் கணக்கெடுக்கப்பட்டு, மாலையிலே கொழுந்து நிறுக்கப்பட்டபின், செக்றோலிலே குறிக்கப்படுவது பேர். குறித்த அளவு கொழுந்து சேராவிடின் அரைப்பேர். ஒருத்தியின் ஒரு நாள் முழுவதும் ஒரு பேராகவோ அரைப்பேராகவோ ஏட்டில் நிலைபெறுகின்றது. பெயரும் ஊதியமும் ஒரே சொல்லாகிவிட்ட இவ்வழக்கிலே, பெயர் விடுபடுவது ஊதியம் விடுபடுவதாகவே ஆகின்றது.

இவ்வேட்டின் வரலாறு எளியதன்று. கோப்பிக் காலத்திலே பல மாதச் சம்பளம் நிலுவையில் நிற்பது வழமையாயிருந்தது. தொழிலாளியின் வரவும் பற்றும் பெரிய கங்காணி வழியாகவே நடந்தன. வழிச்செலவு, அரிசி, முற்பணம் என்று ஏறிய கடனை எழுதியவர் ஒருவர், சுமந்தவர் வேறொருவர். கடன் தீர்ந்தாலன்றித் தோட்டம் விட்டுத் தோட்டம் செல்லமுடியாதவாறு ‘துண்டு’ என்னும் சீட்டு முறை நிலவியது. அம்முறை 1921ஆம் ஆண்டுச் சட்டத்தினால் ஒழிக்கப்படும்வரை, தொழிலாளியின் கால்களைக் கட்டியிருந்தது ஒரு கணக்கேயாகும். தன்னைக் கட்டியிருக்கும் கணக்கைத் தானே வாசிக்கமுடியாதிருந்தமை அக்கட்டின் வன்மையை மிகுவித்தது.

வேலைக்கு வந்த ஒவ்வொரு தலைக்கும் கங்காணிக்கு ஒரு சிறு தொகை தலைக்காசாக வழங்கப்பட்ட வழக்கமும் இங்கே சிந்திக்கத்தக்கது. எண்ணுகின்றவருக்கு எண்ணிக்கையிலே பங்கு இருந்தது. அத்தகைய ஏற்பாட்டிலே இரு சோதனைகள் மனிதனை நெருங்கும். வராதவரை வந்தவராக எழுதத் தோன்றும். வரமுடியாத நோயாளியை வரச்செய்யவும் தோன்றும். முதலாவது தோட்டக் கணக்கைப் பாதிக்கும். ஆய்வாளர் அதனைத் தேடுவார். இரண்டாவது கணக்கைப் பாதிப்பதில்லை. ஏட்டிலே அது குற்றமற்ற ஒரு முழுப்பேராகவே விளங்கும்.

நிறுவையின்போது சாக்கின் எடைக்கென்றும் ஈரத்துக்கென்றும் கழிக்கப்படும் நிறை இன்னொரு எடுத்துக்காட்டு. கழிக்கவேண்டிய தேவை மெய்யே. நனைந்த கொழுந்தின் நிறையில் நீரும் உண்டு. ஆயின் கழிவு எவ்வளவு என்பதை நிர்ணயிப்பவர் நிறுப்பவராகவே இருக்கிறார். கழித்தபின் எஞ்சிய நிறையே ஏட்டில் ஏறுகின்றது. ஏட்டிலிருந்து தொடங்கும் ஆய்வுக்குக் கழிவு கட்புலனாகாது. ஏட்டின் கூட்டலும் பெருக்கலும் சதம் பிசகாமற் சரியாயிருக்கும். தவறு ஏட்டுக்கு முன்னரே, தராசடியிலே நிகழ்ந்து முடிந்திருக்கும்.

சிறுமை எவருடைய அளவால்?

கணக்காய்வாளர் எல்லாவற்றையும் பார்ப்பதில்லை, பார்க்கவும் இயலாது. கணக்கறிக்கையை நம்பி முடிவெடுப்பவரின் முடிவை மாற்றக்கூடிய அளவுக்குப் பெரிய தவறுகளையே அவர் பொருட்படுத்துகிறார். இதனைப் பொருண்மை என்பர். நியாயமான கோட்பாடே இது. ஒவ்வொரு சதத்தையும் துரத்திச் செல்லும் ஆய்வு, காப்பாற்றும் பணத்தினும் மிகுதியான பணத்தை விழுங்கிவிடும்.

ஆயின் பெரிது, சிறிது என்பன ஓர் அளவுகோலை வேண்டுவன. 2021ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1,000 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டது. அத்தொகையையே கொண்டு, 500 பேர் வேலைசெய்யும் தோட்டமொன்றைக் கற்பனை செய்துகொள்ளலாம். அங்கே ஒரு நாளின் சம்பளம் 5,00,000 ரூபா. ஒருத்திக்கு முழுப்பேர் எழுதவேண்டிய இடத்தில் அரைப்பேர் எழுதப்பட்டதாயின் பிழை 500 ரூபா. தோட்டத்தின் அன்றைய சம்பளத்தில் இது ஆயிரத்தில் ஒரு பங்கு. எந்த ஆய்வாளரும் இதனைப் புறக்கணிக்கலாம். அவரைக் குறைகூறுவாரும் இரார். அவளுடைய ஏட்டிலோ அதே 500 ரூபா அந்நாளின் சரிபாதி. ஒரே தொகை, ஒரே நாள், ஒரே ஏடு. ஓரிடத்து அணுவாய் இருப்பது மற்றோரிடத்து மலையாய் நிற்கின்றது.

அரிஸ்ரோட்டில் தமது அறவியல் நூலின் ஐந்தாம் பகுதியிலே நீதியை இருவகைப்படுத்தினார். பொதுப் பொருளைத் தகுதிக்கேற்பப் பங்கிடும் நீதி விகித சமத்துவத்தைப் பேணுவது. ஒருவருக்கொருவர் இழைத்த இழப்பை நேராக்கும் நீதி எண்கணித சமத்துவத்தைப் பேணுவது. அங்கே இழந்தவர் யார், இழக்கச்செய்தவர் யார் என்ற மேன்மை கீழ்மை நோக்கப்படுவதில்லை, இழப்பே நோக்கப்படும். சம்பளக் கடன் இவ்விரண்டாம் வகையைச் சார்ந்தது. வேலை கொடுக்கப்பட்டது, கூலி கொடுக்கப்படவில்லை. இவ்விடைவெளியை நிறுவனத்தின் பருமனோடு ஒப்பிட்டுச் சிறிதென்பது, நேராக்கும் நீதியைப் பங்கீட்டு நீதியின் கோலால் அளக்கும் வழுவாகும். நிறுவனத்தின் பெருமையினால் அது பட்ட கடன் சிறுமையடைவதில்லை.

இதனால் பொருண்மைக் கோட்பாட்டைக் கைவிடவேண்டும் என்பதன்று. அது எக்கேள்விக்கு விடையாக எழுந்ததோ அக்கேள்விக்கு மாத்திரம் விடையாக நிற்றல் வேண்டும். ‘இந்நிறுவனத்தின் நிதிநிலையைப் பற்றி முதலீட்டாளர் ஏமாற்றப்பட்டாரா?’ என்ற கேள்விக்கு 500 ரூபா பொருட்டன்று. ‘உழைத்தவருக்கு உரியது சேர்ந்ததா?’ என்ற கேள்விக்கு அது முழு விடையையும் மாற்றவல்லது.

எவருக்குக் கடமைப்பட்டவர்?

இங்கே ஒரு தடை எழுப்பப்படலாம். கணக்காய்வாளர் தொழிலாளரால் நியமிக்கப்பட்டவரல்லர். இலங்கையின் 2007ஆம் ஆண்டு 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டப்படி பங்குதாரரே அவரை நியமிக்கின்றனர். 1896ஆம் ஆண்டிலே இங்கிலாந்தில் தீர்க்கப்பட்ட கிங்ஸ்ரன் பருத்தி ஆலை வழக்கிலே, கணக்காய்வாளர் காவல் நாயேயன்றி மோப்ப நாயல்லர் என்ற கருத்து நீதிபதியால் வெளியிடப்பட்டது. ஐயத்துக்கு இடமில்லாதவிடத்து நிறுவனத்தின் பொறுப்பாளர் கூற்றை அவர் நம்பலாம் எனவும் கொள்ளப்பட்டது. அங்ஙனமாயின், தம்மை நியமியாத ஒருவரின் இழப்பைத் தேடி அலைவது அவர் கடமையாகுமா?

இத்தடைக்கு அவருடைய தொழிலின் உள்ளேயே விடை உண்டு. கணக்கறிக்கை உண்மையானதும் நியாயமானதுமான தோற்றத்தைத் தருகின்றதா என்று அவர் கருத்துரைக்கிறார். நிறுவனத்தின் சொத்துகள் மிகைப்படுத்தப்படாமலும் பொறுப்புகள் குறைத்துக் காட்டப்படாமலும் இருந்தாலன்றி அக்கருத்து மெய்யாகாது. கொடுபடாத கூலி ஒரு பொறுப்பு. சரக்கு வழங்கியவருக்குச் செலுத்தவேண்டிய பணம் ஏட்டில் விடுபட்டிருப்பின் அதனைத் தேடும் ஆய்வாளர், உழைப்பு வழங்கியவருக்குச் செலுத்தவேண்டியதைத் தேடாதிருக்க நியாயம் இல்லை. இருவரும் கடன்கொடுத்தோரே. ஒருவர் விலைச்சிட்டை அனுப்புகிறார், மற்றவர் அனுப்புவதில்லை. இவ்வேறுபாடு தேடுதலை மேலும் அவசியமாக்குகின்றதேயன்றித் தேவையற்றதாக்கவில்லை.

காவல் நாய் என்ற உவமையையே ஏற்றுக்கொண்டாலும், அது எவ்வாசலைக் காக்கின்றது என்ற வினா எஞ்சுகின்றது. வீட்டிலிருந்து பொருள் வெளியேறும் வாசலை மாத்திரம் காத்து, பிறர் பொருள் வீட்டினுள்ளே கொண்டுவரப்படும் வாசலில் உறங்குமாயின், அது நல்ல காவலெனப்படாது.

ஊழியர் சேமலாப நிதி இதற்குத் தக்க சான்று. 1958ஆம் ஆண்டு 15ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இன்று ஊழியரின் சம்பளத்திலிருந்து 8 சதவீதம் கழிக்கப்படுகின்றது. தொழில்தருநர் 12 சதவீதம் சேர்க்கவேண்டும். 1980ஆம் ஆண்டு 46ஆம் இலக்கச் சட்டத்தின்படி ஊழியர் நம்பிக்கை நிதிக்குத் தொழில்தருநர் மேலும் 3 சதவீதம் செலுத்தவேண்டும். சம்பளச் சீட்டிலே 8 சதவீதக் கழிவு சரியாகக் காட்டப்பட்டு, எஞ்சிய தொகையும் சரியாகக் கொடுக்கப்பட்டு, கழித்த பணம் மாத்திரம் நிதிக்குப் போய்ச் சேராதிருக்குமாயின், பட்டியல் பிழையற்றதாகவே தோன்றும். பெண்ணாயின் 50 வயதிலும் ஆணாயின் 55 வயதிலும் அச்சேமிப்பைப் பெறச் செல்லும்போதுதான் வெறுமை வெளிப்படும். அதற்குள் தொழிற்சாலை மூடப்பட்டிருக்கலாம். ஏடுகள் கறையானுக்கு இரையாகியிருக்கலாம். இன்றைய இளைஞன் ஒருவனிடமிருந்து எடுக்கப்பட்டு, முப்பது ஆண்டுகளுக்குப் பின் ஒரு முதியவரிடம் உணரப்படும் களவு இது. இழப்பவர் இன்னும் முதியவராகவில்லை ஆதலின் முறையிட எவரும் இல்லை. முறையிட ஆளில்லாத இழப்பைக் காண்பதற்கன்றோ ஆய்வு என ஒன்று வேண்டும்?

இரக்கத்தின் பொய்ப்பதிவு

இதுவரை நோக்கியவற்றில் அறத்தின் பக்கம் எது என்பதில் மயக்கம் இல்லை. மயக்கம் மிகுந்த ஒரு நிலையும் உண்டு. கணக்கப்பிள்ளை ஒருவர் ஏட்டை எழுதுகிறார். நிறைமாதமாயிருக்கும் ஒரு பெண் அரைநாளோடு மலையைவிட்டு இறங்கிவிடுகிறாள். அவள் வீட்டு நிலையை அவர் அறிவார். அரைப்பேருக்குப் பதிலாக முழுப்பேர் எழுதுகிறார். அதனால் அவருக்கு ஒரு சதமும் இலாபம் இல்லை. ஆய்வாளர் கொழுந்து நிறுவைச் சீட்டையும் செக்றோலையும் ஒப்பிடும்போது இது அகப்படுகிறது. அவர் யாது செய்தல் வேண்டும்?

பேசாதிருந்துவிடுதல் இரக்கமெனத் தோன்றும். பொய்ப்பதிவு பொய்ப்பதிவே என்று எழுதுதல் கொடுமையெனத் தோன்றும். ஆயின் இரக்கத்தின் பெயரால் எழுதப்பட்ட அப்பேரின் இயல்பை ஆராய்தல் வேண்டும். அப்பெண் பெற்றது ஒரு கொடை. கொடுத்தவர் விரும்பியதனால் அது கிடைத்தது. விரும்பாவிடின் கிடைத்திராது. இரக்கத்தினால் ஒரு பேரைக் கூட்டி எழுத எவருக்கு வல்லமை உண்டோ, சினத்தினால் ஒரு பேரைக் குறைத்து எழுதவும் அவருக்கு வல்லமை உண்டு. இரண்டும் ஒரே பேனாவின் செயல்கள். இன்று முழுப்பேர் பெற்றவள் நாளை அவர்முன் எதிர்த்துப் பேசமாட்டாள். அயலில் நிற்கும் ஒருத்திக்கு அரைப்பேர் எழுதப்படும்போதும் வாய்திறக்கமாட்டாள். இரக்கம் இங்கே அடிமைத்தனத்தின் மெல்லிய வடிவமாகிவிடும் அபாயம் உண்டு.

ஆதலின் ஆய்வாளர் உண்மையை மறைத்தலாகாது. ஆனால் முழு உண்மையையும் கூறுதல் அவர் கடன். ‘இன்ன நாளில் அரைப்பேருக்குப் பதில் முழுப்பேர் எழுதப்பட்டுள்ளது’ என்பது உண்மையின் ஒரு பாதி. ‘எழுதியவருக்கு நன்மை ஏதுமில்லை, கருவுற்ற பெண்ணுக்குரிய இலகுவான வேலையோ விடுமுறையோ அவளுக்கு அளிக்கப்பட்டிருக்கவில்லை’ என்பது மறுபாதி. முதற்பாதியை மாத்திரம் எழுதும் அறிக்கை ஒரு மனிதரைத் தண்டிக்கும். இரு பாதிகளையும் எழுதும் அறிக்கை ஓர் ஏற்பாட்டின் குறையைச் சுட்டும். கருணையால் கிடைத்ததை உரிமையால் கிடைக்கச்செய்வதே அறத்தின் வளர்ச்சி. அவ்வளர்ச்சிக்கு மறைக்கப்பட்ட கருணை உதவாது. வெளிப்படுத்தப்பட்ட தேவையே உதவும்.

சரியும் நீதியும்

எல்லாப் பெயர்களுக்கும் ஆளுண்டு, எல்லா ஆட்களுக்கும் பெயருண்டு, நிறுவையும் நேர்மையானது, கழிவுகள் யாவும் சேரவேண்டிய இடத்திற் சேர்ந்தன. அப்போதேனும் கணக்காய்வாளர் நீதி நிலைபெற்றது என்று கூறமுடியுமா?

1927ஆம் ஆண்டு 27ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின் வழியாகத் தோட்டத் தொழிலாளருக்குக் குறைந்தபட்சச் சம்பளம் என்னும் கோட்பாடு இலங்கையில் நிலைபெற்றது. 1929இல் நடைமுறைக்கு வந்த விகிதங்களின்படி உயர்நிலத் தோட்டங்களில் ஆணுக்கு நாளொன்றுக்கு 54 சதம். பெண்ணுக்கு 43 சதம். ஆணுக்கும் பெண்ணுக்கும் வேறுவேறு விகிதம் வைக்கும் இவ்வழக்கம் நீடித்து, 1984இலேயே தோட்டங்களில் இருபாலாரின் நாட்சம்பளமும் சமமாக்கப்பட்டது. இடைப்பட்ட அரை நூற்றாண்டுக்கு மேற்பட்ட காலத்திலே, பெண்ணுக்கு 43 சதம் எழுதிய ஒவ்வொரு பதிவும் சட்டப்படி சரியானது. அதனைச் சரியென்று சான்றளித்த ஆய்வாளர் பொய் கூறவில்லை. ஆயினும் அவர் சான்றளித்தது ஓர் அநீதியின் துல்லியத்துக்கே.

இதிலிருந்து கணக்காய்வு பயனற்றது என்ற முடிவுக்குச் செல்வது தவறு. பதிவு விதியோடு பொருந்துகிறது என்பதே ஆய்வாளரின் சான்று. விதி நீதியோடு பொருந்துகிறது என்பதற்கு அவர் சாட்சியல்லர். இவ்வெல்லையை அவர் அறிவார். ஆனால் சான்றிதழ் பொதுமன்றிலே வாசிக்கப்படும்போது ‘சரியானது’ என்ற சொல் ‘நியாயமானது’ என்ற பொருளை மெல்ல அணிந்துகொள்கின்றது. கணக்குகள் ஆய்வுசெய்யப்பட்டன, குறை காணப்படவில்லை என்னும் வாக்கியம், தொழிலாளருக்குக் குறையேதுமில்லை என்பதற்கு விடையாக வைக்கப்படுகின்றது. தமது சொல் தாம் கருதாத பொருளிலே பயன்படுத்தப்படுவதை அறிந்தும் வாளாவிருப்பவர், அப்பயன்பாட்டிற்கு ஓரளவேனும் பங்காளியாகிறார்.

மறுபுறத்தில், விதியின் அநீதியை வெளிச்சத்துக்குக் கொணர்வதும் ஒழுங்கான பதிவே. 54, 43 என்ற இரு எண்கள் ஏட்டிலே அருகருகே எழுதப்பட்டிருந்தமையாலன்றோ அவற்றினிடையேயுள்ள 11 சதத்தைப் பற்றி வாதிட முடிந்தது? எழுதப்படாத அநீதியை எதிர்க்க மொழியில்லை. துல்லியம் நீதியாகாது, ஆயின் துல்லியமின்றி நீதியைக் கோரும் வழக்கும் இல்லை.

இரண்டாவது தராசு

வள்ளுவர் நடுவு நிலைமையைக் கூறுமிடத்துத் துலாக்கோலை உவமையாகக் கொண்டார். முதலில் தான் சமமாய் நின்று, பின்னரே பொருளைத் தூக்குவது அதன் இயல்பு. கணக்காய்வாளரின் சுயாதீனம் பற்றிய நூல்கள் பல வலியுறுத்துவதும் இதுவே. ஆயின் தோட்டத்துத் தராசின் வரலாறு இன்னொன்றையும் உணர்த்துகின்றது. தராசு சமமாய் நின்றால் மாத்திரம் போதாது. அது சமமாய் நிற்கிறது என்பதை நிறுக்கப்படுபவர் காணவும் வேண்டும்.

பிரித்தானியாவின் நிலக்கரிச் சுரங்கங்களிலே வெட்டியெடுத்த நிறைக்கேற்பக் கூலி வழங்கப்பட்டது. நிறுப்பவர் சுரங்க உடைமையாளரின் ஊழியர். நிறையில் நம்பிக்கையிழந்த தொழிலாளர் நீண்டகாலம் போராடியதன் பயனாக, 1860ஆம் ஆண்டுச் சட்டம் தங்கள் செலவிலே தங்களுக்கென ஒரு நிறைகண்காணிப்பாளரை நியமித்துக்கொள்ளும் உரிமையை அவர்களுக்கு வழங்கியது. 1887ஆம் ஆண்டுச் சட்டம் அவ்வுரிமையை மேலும் உறுதிசெய்தது. அவர் நிறுவையைத் தடுக்கமாட்டார். அருகில் நின்று தாமும் குறித்துக்கொள்வார். அவ்வளவே. ஆயின் அவ்வளவினால் கடன்பத்திரத்தின் இரண்டாவது பிரதி, முதன்முறையாகக் கடன்கொடுத்தவர் கைக்கு வந்துசேர்ந்தது. அவரும் ஒரு கணக்காய்வாளரே. பட்டியலிலிருந்து ஆளுக்குச் செல்லாமல், ஆளிலிருந்து பட்டியலுக்குச் சென்ற கணக்காய்வாளர்.

இவ்வுதாரணம் கற்பிக்கும் பாடம் எளிது. தொழிலாளிக்கு விளங்கும் மொழியிலே, நிறையும் கழிவும் விகிதமும் நாட்களும் விரித்தெழுதிய சம்பளச் சீட்டு, அவரையே முதற் கணக்காய்வாளராக்கிவிடுகின்றது. அவர் பெறும் சம்பளத்துக்கு அவரே கையொப்பமிடுகிறாரா, அன்றித் தோட்டங்களில் நீண்டகாலம் நிலவியதுபோல் அவருக்காகக் கணவனோ தந்தையோ பெற்றுக்கொள்கிறாரா என்று ஆய்வாளர் கேட்கும் ஒரு கேள்வி, ஏட்டிலே ‘கொடுபட்டது’ என்ற சொல்லின் பொருளையே சோதிக்கவல்லது. தெரிந்தெடுத்த நூறு பெயர்களுள் ஐம்பதைப் பட்டியலிலிருந்தும் ஐம்பதை மலையிலிருந்தும் எடுப்பது பெருஞ்செலவுடைய சீர்திருத்தமன்று. செலவு வேறுபடாது; திசை வேறுபடும்.

சோதனை நம்பிக்கையின்மையின் அடையாளம் என்ற கருத்தும் இவ்விடத்தே தெளிவுபெறும். மேலிருப்பவர் கீழிருப்பவரைச் சோதித்து, கீழிருப்பவர் மேலிருப்பவரைச் சோதிக்கவியலாதவிடத்துச் சோதனை ஐயமாகவே உணரப்படும். விரலடையாளம் பதியும் பொறி வாசலில் நின்றாலும், அது களவு பிடிக்கும் கண்ணாகவே தோன்றும். அதே பொறியின் பதிவு, தாம் வந்த நாட்களுக்குச் சான்றாகத் தொழிலாளர் கையிலும் இருக்குமாயின், ஐயம் இருபுறமும் சமமாகப் பங்கிடப்பட்டு நம்பிக்கையாக மாறும்.

இல்லாத ஆளுக்கு எழுதப்பட்ட பெயர் பணத்தைத் திருடுகின்றது. இருக்கும் ஆளுக்கு எழுதப்படாத பெயர் வாழ்ந்த ஒரு நாளையே திருடுகின்றது. முன்னதைத் தேடும் கல்வியைப் பல்கலைக்கழகங்களும் தொழில்சார் நிறுவனங்களும் நிறைவாகவே அளித்து வருகின்றன. பின்னதைத் தேடுவதற்குப் புதிய கல்வி எதுவும் வேண்டியதில்லை. ஏட்டை மூடிவைத்துவிட்டு எழுந்து சென்று, மலையிலே நிற்பவரை நோக்கி, உமது பெயர் யாது என்று கேட்பதே அதன் தொடக்கமாகும்.